'தியேட்டர்' என்னும் சொல்லும் குற்றாலத்துச் சித்திர சபையும்

ஒரு மொழியிலுள்ள கலைச்சொல்லைப் பிறிதொரு மொழியிற் பெயர்த்து அமைக்குங்கால், அச்சொல் சுட்டும் பொருளோடு அப்பொருளை நோக்கும் முறையும் உடன் புகுந்துவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் 'தியேட்டர்' என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் நாடகம், நாடகசாலை, நாடகமேடை, கொட்டகை, அரங்கு, அரங்கம், அரங்கியல் எனப் பல சொற்கள் ஆளப்பட்டு வந்துள்ளன. இவற்றுள் 'அரங்கு' என்பதே இன்று கற்றோரிடைப் பெரிதும் நிலைபெற்றுள்ளது. அச்சொல் தகுதியுடையதே. ஆயினும் அதனை ஒரு கட்டடத்தின் பெயராகக் கொண்டமையால் நம் நாடக வரலாற்றில் ஒரு பெருவெளி தோன்றிவிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையை விரித்துரைப்போர், அடுத்த அடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொட்டகையிலேயே எடுத்து வைக்கின்றனர். இடைப்பட்ட நூற்றாண்டுகளிற் கட்டடம் காணப்படாமையின் நாடகமும் இல்லை என்னும் முடிவு பிறக்கின்றது. அக்காலத்து ஆடல் நூல்களாகிய குறவஞ்சியும் பள்ளும் நொண்டி நாடகமும் சிற்றிலக்கிய வரிசையில் வைத்துப் படிக்கப்படுகின்றன. நாடக வரலாற்றில் அவற்றுக்கு ஓரிரு பத்திகளே கிடைக்கின்றன. இம்முடிவு பொருந்துமா என்பதைத் தென்காசி, குற்றாலம் ஆகிய ஈரூர்களின் சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. சொல்லின் பிறப்பு

'தியேட்டர்' என்பது கிரேக்க மொழியிற் பிறந்து, இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியே ஆங்கிலம் புகுந்தது. அதன் மூலமாகிய 'தியேட்ரான்' என்னும் கிரேக்கச் சொல், காண்டற் பொருளுடைய வினையினின்றும் தோன்றியது. 'காணுமிடம்' என்பதே அதன் நேர்ப்பொருள். ஏதென்சு நகரத்து அக்ரோபொலிசு குன்றின் தென்சரிவில் மக்கள் அமர்ந்து கண்ட இருக்கைப் பகுதிக்கே முதலில் அப்பெயர் உரியதாயிற்று. ஆடுவோர்க்குரிய வட்டநிலம் 'ஆர்க்கெசுட்ரா' எனப்பட்டது. அது 'ஆடுமிடம்' எனப் பொருள்படும். ஆடுகளத்தின் பின்னே வேடம் புனைவதற்கு அமைந்த பகுதி 'சுகேனே' எனப்பட்டது. அதன் பழம்பொருள் கூடாரம் என்பதாம். ஆங்கிலத்தில் நாடகக் காட்சியைக் குறிக்கும் 'சீன்' என்னும் சொல் இதன் வழிவந்தது.

காண்போர் இடம், ஆடுவோர் இடம், ஒப்பனைக் கூடாரம் என மூன்று தனிப்பெயர்கள் இருந்தன என்பதும், அவற்றுட் காண்போர் இடத்தின் பெயரே நாளடைவில் முழுமைக்கும் ஆகிவந்தது என்பதும் கருதத்தக்கன. ஆங்கிலேயரிடையே நாடகக் கட்டடத்திற்கு 'ஆட்டமனை' எனப் பொருள்படும் 'பிளேகவுசு' என்ற சொல்லே பெருவழக்காக இருந்தது. 1576 ஆம் ஆண்டில் சேம்சு பர்பேசு என்பார் இலண்டன் புறநகராகிய சோர்டிச்சில் எழுப்பிய நாடக மனைக்குத் 'தி தியேட்டர்' என்றே பெயரிட்டார். பின்னர் அச்சொல், கட்டடம் என்ற எல்லையைக் கடந்து, நாடகக் கலை முழுமைக்கும் உரியதாயிற்று. மாணவர் சூழ்ந்திருந்து உடற்கூறு காணும் கூடமும் அப்பெயர் பெற்றது. அறுவை மருத்துவக் கூடத்தை நம் மக்கள் 'ஆப்பரேசன் தியேட்டர்' என்பது அதன் தொடர்ச்சியேயாம். போர் நிகழும் நிலப்பரப்பையும் ஆங்கிலர் அச்சொல்லாற் குறிப்பர். இத்தனை பொருட்கும் அடியாக நிற்பது காட்சி ஒன்றே.

வடமொழியிலும் இவ்வகைப் பெயரீடு உண்டு. பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் தன் இரண்டாம் அதிகாரத்தில் நாடக மனையைப் 'பிரேட்சாகிருகம்' என்கின்றது. காண்டற்குரிய மனை என்பது அதன் பொருள். அம்மனையினுள் ஆடுவோர்க்கு உரிய பகுதி 'அரங்க'ப் பெயரால் வழங்குகின்றது.

2. தமிழில் இடப்பெயர்கள்

தமிழில் இவ்வாறு காண்டல் வினையினின்றும் பிறந்த இடப்பெயர் பெருவழக்குப் பெறவில்லை. நம் முன்னோர் அவ்விடத்தை வேறு மூன்று வகையால் நோக்கினர்.

முதலாவது, நில வகை. 'அரங்கு' என்பது வரையறுக்கப்பட்ட நிலம். நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேம்பின் நிழலில் அரங்கு கீறி நெல்லிக்காய் கொண்டு சிறுவர் வட்டாடுகின்றனர். திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில், அரங்கிழையாது வட்டாடுதலை நூலறிவின்றி அவையிற் பேசுதற்கு உவமையாக்குகின்றார். ஆற்றிடையே நீராற் சூழப்பட்ட நிலம் அரங்கம் எனப்படுதலைத் திருவரங்கம் காட்டும். நெல்லைச் சீமையில் வீட்டின் உள்ளறையை 'அரங்கு' என்றும் 'அரங்குவீடு' என்றும் வழங்குவர். கோடு கீறிய கட்டமும், நீர் சூழ்ந்த திட்டும், சுவர் சூழ்ந்த அறையும் எல்லையுடைமை என்னும் ஒரு பண்பாற் பொருந்துகின்றன. இச்சொல் தமிழ்ச்சொல்லா, வடமொழி 'ரங்க'த்தின் திரிபா என்பது பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. நம் ஆராய்ச்சிக்கு அதன் ஆட்சியே போதும். களம், களரி என்பனவும் இவ்வகையின. போர்க்களம், ஏர்க்களம், ஆடுகளம் என மூன்றையும் ஒரு சொல்லால் தமிழர் குறித்தமை, ஆங்கிலர் போர்நிலத்தையும் நாடக மனையையும் ஒரு சொல்லால் குறித்தமையோடு ஒப்புநோக்கத்தக்கது. ஈழத்து மட்டக்களப்பிற் கூத்தாடும் இடம் 'வட்டக்களரி' எனப்படும். காண்போர் அதனைச் சூழ அமர்வர்.

இரண்டாவது, மக்கள் வகை. 'அவை' என்பது கூடியிருப்போரையும் அவர் கூடிய இடத்தையும் ஒருங்கே குறிக்கும். நிலையாமை கூறவந்த வள்ளுவர், செல்வத்தின் வரவுக்கும் போக்கிற்கும் கூத்தவையிற் கூட்டம் கூடிக் கலைதலை உவமை கூறினார். ஈண்டு அவர் நினைத்தது ஆடுவோரையன்று, கண்டு கலைவோரையே. 'சபை' என்பதும் இத்தகையதே. கிறித்தவர் 'திருச்சபை' என்னும்போது கட்டடத்தைக் கருதாது மக்களையே கருதுகின்றனர். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் திருவோலக்க மண்டபமும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1446 ஆம் ஆண்டில் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய அக்கோயிலில், தாண்டவமூர்த்தி, காளி, வீரபத்திரர், இரதி, மன்மதன் முதலியோர் தூண்களில் ஆளுயரத்தினும் மிக்க சிற்பங்களாய் நிற்கின்றனர். ஓலக்கம் என்பது வீற்றிருப்போனும் அவனைக் காண்போரும் கூடிய பேரவை. அம்மண்டபத்துள் நடந்து செல்வோர் இருபுறமும் ஆடல் நிலைகளைக் கண்டே செல்கின்றனர்.

மூன்றாவது, பொதுமை வகை. மன்றம், பொதியில், அம்பலம் என்பன ஊரார் அனைவர்க்கும் உரிய இடங்கள். பொது, இல் என்னும் இரு சொற்கள் சேர்ந்து பொதியில் ஆயிற்று என்பர். தில்லையிற் கூத்தன் ஆடும் இடம் பொன்னம்பலம். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் மலையாள நாட்டிற் கோயிலே அம்பலம் எனப்படும். கூடியாட்டம் நிகழ அமைந்த மனை கூத்தம்பலம் எனப்படும்.

ஆகவே, கிரேக்கர் காண்போர் இருக்கையால் முழுமைக்கும் பெயரிட்டனர்; தமிழர் எல்லையிட்ட நிலத்தாலும், கூடிய மக்களாலும், பொதுமையாலும் பெயரிட்டனர். இம்மூன்றனுள் எதுவும் நான்கு சுவரையும் கூரையையும் இன்றியமையாதனவாகக் கொள்ளவில்லை.

3. சிலம்பு காட்டும் அரங்கு

இதற்கு மாறாகச் சிலப்பதிகாரம் கட்டிய அரங்கினைக் காட்டுகின்றதே என வினவலாம். அந்நூல் கூறும் அளவுகள் கற்றோர் அறிந்தனவே. பெருவிரல் இருபத்துநான்கு கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல்; பலகைத் தளத்திற்கும் மேலுள்ள உத்தரத்திற்கும் இடைவெளி 4 கோல்; வாயில் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும் கூறப்படுகின்றன. இவை ஆடுவோர் நிற்கும் மேடையின் அளவுகளே. காண்போர் இருக்கைக்கு அளவு கூறப்படவில்லை. எனினும் காண்போரை ஆசிரியர் மறந்தாரல்லர். தூண்களின் நிழல் ஆடிடத்தே விழாதவாறு விளக்குகளை நிறுத்தல் வேண்டும் என்கின்றார். நிழலால் இடர்ப்படுவது காண்போர் கண்ணேயாம். மேலும், அரங்கின் மேல்நிலையிற் பூதங்களின் ஓவியம் தீட்டி வைக்கப்பட்டது. விதானமும் ஓவியமுடையதாய் இருந்தது. ஆடலும் ஓவியமும் ஓரிடத்தே அமைந்த இம்மரபைக் குற்றாலத்தில் மீண்டும் காண்போம்.

சோழர் காலச் சான்று ஒன்றையும் இடையே கூறல் தகும். இரண்டாம் இராசேந்திரனின் 6 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசி விழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்குச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க ஆணையிடுகின்றது. நாடகம், நடிப்போன், காலம், ஊதியம் ஆகிய நான்கும் அங்கே உள்ளன. தனிக் கட்டடம் வேண்டப்படவில்லை. கோயிலே களம், விழாக் காண வந்தோரே அவை.

4. சித்திர சபை

கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளைச் சைவ மரபு கூறும். திருவாலங்காட்டில் இரத்தின சபை, தில்லையிற் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்திற் சித்திர சபை என்பன அவை. முதல் நான்கும் மணியாலும் பொன் முதலிய உலோகத்தாலும் பெயர் பெற்றன. ஐந்தாவது ஓவியத்தாற் பெயர் பெற்றது. ஏனைய சபைகளிற் கூத்தன் படிமமாய் எழுந்தருளியிருக்க, ஈண்டு அவன் சுவரோவியமாய் நின்று வழிபாடு பெறுகின்றான்.

2019 ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய தென்காசியினின்றும் சிறிது தொலைவில், அருவிகளின் அடியில் உள்ளது குற்றாலநாதர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய பழம்பதி அது. அத்தலத்துக் குறும்பலாவும் அவராற் பாடப்பெற்றது. சங்கு வடிவமாய் அமைந்த அக்கோயிலின் உள்ளே சித்திர சபை இல்லை. அது சற்று விலகித் தனியே, முன்னே ஒரு தெப்பக்குளத்துடன், செப்போடு வேய்ந்த கூரையும் மரவேலைப்பாடும் உடையதாய், மலைக்கு அப்பாலுள்ள நாட்டின் கட்டட மரபை நினைவூட்டி நிற்கின்றது. உட்சுவர்களிற் கூத்தப்பெருமானோடு புராண நிகழ்ச்சிகள் பலவும் வண்ணத்தால் தீட்டப்பட்டுள்ளன.

இச்சபை நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. ஓவியமாகிய கூத்தன் அடிபெயர்த்து ஆடுவதில்லை. ஆடல் நிகழ்கின்றது என்பது காண்போர் உள்ளத்தளவினதே. காண்பார் இல்லையெனின் அங்குள்ளது வண்ணம் தோய்ந்த சுவர்; காண்பார் வந்து நின்றவழியே அது சபை. மார்கழித் திருவாதிரையில் அங்கே நிகழும் விழாவிற்குக் கோயில்தோறும் வழங்கும் மற்றொரு பெயர் 'ஆருத்திரா தரிசனம்' என்பது. தரிசனம் என்பதற்குக் காட்சி என்பதே பொருள். ஆடல்வல்லான் விழாவினை 'ஆட்டம்' என்னாது 'காட்சி' எனப் பெயரிட்ட மரபில், கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் முழுமையாக உள்ளது. நாம் அதனை இடப்பெயரில் தேடினோம். அது விழாப்பெயரில் இருந்தது. இரு நாட்டுக்கும் தொடர்பு கூறுதல் எம் கருத்தன்று. காண்டலை நடுவாகக் கொண்ட கலை நோக்கு தமிழகத்தில் இருந்தது என்பதே யாம் வலியுறுத்துவது.

5. குறவஞ்சியின் களம்

அவ்வூரிற் பிறந்த நாடக நூலும் இதற்குச் சான்று பகர்கின்றது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலத் தலபுராணமும் குற்றாலக் குறவஞ்சியும் இயற்றினார். மதுரை நாயக்க மன்னருள் விசயரங்க சொக்கநாதர் (1706–1732) இவர்க்கு நிலம் வழங்கினார் என்றும், அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது என்றும் கூறுவர்.

நூலின் அமைப்பை நாடகக் கண் கொண்டு நோக்குவாம். கட்டியக்காரன் முதலில் வந்து இறைவன் பவனி வருதலை அறிவிக்கின்றான். குற்றாலநாதர் வீதியில் உலா வருகின்றார். மகளிர் கூட்டங் கூட்டமாய் வந்து காண்கின்றனர். அவருள் ஒருத்தியாக வசந்தவல்லி பந்தாடி வருகின்றாள், காண்கின்றாள், காதல் கொள்கின்றாள். திங்களையும் தென்றலையும் நொந்து, தோழியைத் தூது விடுக்கின்றாள். பின்னர்க் குறத்தி வருகின்றாள். மலைவளம் கூறிக் குறி சொல்லிப் பரிசில் பெறுகின்றாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகின்றான்; நூவன் துணையாகப் புள் பிடிக்க முயல்கின்றான்; இறுதியிற் சிங்கியைக் கண்டு அவள் அணிந்த அணிகளைப் பற்றி வினவுகின்றான்.

இக்கதையின் வித்து ஒரு காட்சியே. இறைவன் பேசுவதில்லை, காணப்படுகின்றான். அவனைக் கண்ட மாற்றத்தால் நாடகம் முழுவதும் இயங்குகின்றது. மேலும், நூலினுள் வரும் பவனி, விழாக்காலத்தில் அவ்வூர் வீதியில் மெய்யாகவே நிகழ்வது. வீதியில் நின்று பவனி காணும் மகளிர் நூலில் உள்ளனர். அதே வீதியில் நின்று பவனி கண்டவர் நூலைக் காணும் அவையிலும் உள்ளனர். குறத்தி பாடும் மலை அவையோர் தலைக்கு மேலே நிற்கின்றது. அவள் பாடும் அருவியின் ஒலி அவர் செவிப்படுகின்றது. திரையில் எழுதிய மலை அங்கு வேண்டுவதன்று. களத்திற்கும் ஊருக்கும் இடையே சுவர் இல்லாமையே அந்நாடகத்தின் இயல்பு. இதனைக் கட்டடம் இல்லாக் குறை எனல் பொருந்தாது.

இந்நூலைத் தாளில் மட்டும் படிக்கும் மாணவர்க்கு, ஒருவர் வருகையைப் பலகாற் கூறுதலும், நிகழ்ச்சியை நிறுத்தி வளம் பாடுதலும், கதை முடிவின் எளிமையும் குற்றங்களாகத் தோன்றும். வருகைப் பாட்டு ஆடுவோர் களம்புகும் நேரத்தை நிரப்புவது. வளப்பாட்டு அவையோர் தம் ஊரைத் தாமே காண்பதற்கு அமைந்தது என உணருங்கால் அக்குற்றங்கள் நீங்கும்.

6. கொட்டகையும் சபாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதிய இடம் ஒன்று தோன்றியது. காசு கொடுத்து நுழையும் அடைப்பே அது. 1876 ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், பணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களைக் காட்சி காண விடும் கட்டடமோ அடைப்போ 'பொது இடம்' எனக் கொள்ளப்படும் என விளக்கிற்று. நம் மன்றமும் அம்பலமும் எல்லார்க்கும் திறந்திருந்தமையாற் பொதுவாயின. இப்புதிய இடம் கட்டணம் பெற்றமையாற் பொதுவாயிற்று. பொதுமை என்ற சொல்லின் பொருளே ஈண்டு மாறிற்று. அவ்விடத்தை மக்கள் 'கொட்டகை' என்றனர். கூடாரம் எனப் பொருள்பட்ட கிரேக்கச் சொல் நாடகக் காட்சியின் பெயரானதை ஒத்தது இது.

'சபை' என்னும் சொல்லும் இடம் மாறிற்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891 ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையிலும், சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) அமைத்த நாடக சபைகளிலும், அச்சொல் காண்போர் கூட்டத்தைக் குறியாது நடிப்போர் குழுவைக் குறித்தது. பரிதிமாற் கலைஞர் 1897 இல் நாடகவியலும், விபுலாநந்த அடிகள் 1926 இல் மதங்க சூளாமணியும் வெளியிட்டு நாடக இலக்கணத்தைத் தமிழில் நிறுவ முயன்றனர். அதற்குள் படக்காட்சி வந்துவிட்டது. 1905 இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தோடு ஊரூராய்ச் சென்று படம் காட்டத் தொடங்கினார். 1914 இற் கோவையில் வெரைட்டி ஹாலை அமைத்தார். கூத்தின் கொட்டகை படத்தின் கொட்டகையாயிற்று. இன்று 'தியேட்டர்' எனின் பொதுமக்கள் கருதுவது திரைப்பட மனையையே. மூலப்பொருளாகிய 'காணுமிடம்' என்பதற்கு அவ்வழக்கு முற்றும் பொருந்துவதேயாம்.

இம்மாற்றத்தில் இழப்பு ஒன்றும் உண்டு. கோயில்களிற் குறவஞ்சி ஆடிவந்தோர் கோயிற்பணி மகளிர். 1944 இல் உருக்குமணி தேவி அருண்டேல் கலாசேத்திரத்தின் வழியாகக் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார்; அதனால் அந்நூல் புதுவாழ்வு பெற்றது. 1947 இல் இயற்றப்பட்ட சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நீக்கிற்று. அவ்வழக்கத்தின் கொடுமையை நோக்க அது வேண்டப்பட்ட சட்டமே. ஆயினும், ஆடல் சென்னையின் மேடைக்குச் சென்றபோது, வழிவழி ஆடியோரும் அவ்வூர் அவையோரும் உடன் செல்லவில்லை. நூல் தப்பியது, களம் தப்பவில்லை. கட்டடத்தையே தேடும் வரலாறு இவ்விழப்பைக் கணக்கிடுதற்கு இயலாது.

7. முடிவு

அண்மைக்காலத்து ஆய்வுகளும் முயற்சிகளும் பழைய நோக்கினைத் திருத்தி வருகின்றன. கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து 1981 இல் வெளியிட்ட ஆங்கில நூல், நாடகத்தைச் சமூக வாழ்வோடு பொருத்திக் கண்டது. ஈழத்தில் சு. வித்தியானந்தன் 1960-களில் வட்டக்களரிக் கூத்தினை ஒருமுக மேடைக்கு ஏற்ப அமைத்தார். களம் மாறும்போது ஆடலும் மாறும் என்பதனை அம்முயற்சி கண்கூடாகக் காட்டிற்று. தமிழகத்தில் 1977 இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை, நாடகம் என்னாது கூத்து என்ற சொல்லையே தன் பெயரில் ஏற்றது. ஈழத்துப் பாடத்திட்டம் 'நாடகமும் அரங்கியலும்' என இரண்டையும் இணைத்துக் கூறுவதும் பாராட்டத்தக்கது.

இவற்றால் யாம் கூறுவது இது. 'தியேட்டர்' என்பதற்கு ஒரே நிகரன் தேடுதல் வேண்டா. ஆடுமிடத்தைக் குறிக்குங்கால் அரங்கு அல்லது களம் எனலாம். காண்போரைக் குறிக்குங்கால் அவை எனலாம். கட்டடத்தைக் குறிக்குங்கால் நாடகமனை அல்லது கொட்டகை எனலாம். கலையைக் குறிக்குங்கால் கூத்து அல்லது நாடகம் எனலாம். இவை அனைத்தும் கூடிய துறையை அரங்கியல் எனலாம். ஆங்கிலம் ஒரு சொல்லிற் செறித்ததைத் தமிழ் பல சொற்களில் வகுத்துள்ளது. அவ்வகுப்பைப் பேணினால், வரலாறு எழுதுவோர் எதனைத் தேடுகின்றோம் என்பதில் தெளிவு பெறுவர். கட்டடம் இல்லாத நூற்றாண்டிலும் களம் இருந்ததா, அவை இருந்ததா என வினவுவர். அவ்வினாவிற்குத் தஞ்சைக் கல்வெட்டும், தென்காசி மண்டபமும், குற்றாலத்து வீதியும் விடை தருகின்றன.

முதுகலை மாணவர் குற்றாலக் குறவஞ்சியைப் படிக்குமுன் ஒருமுறை அவ்வூர் சென்று, தேர்வீதியில் நின்று மலையை நோக்கி, பின் சித்திர சபையினுள் புகுந்து சிறிது நேரம் நிற்பாராக. நூலின் பாதி அங்கே உள்ளது. அதனையும் சேர்த்துப் படித்தாலன்றி அந்நூலை நாடகமாகப் படித்தவர் ஆகார்.